மார்ச் மாதக் கன்று

"அம்மா, பணம் திரும்பிப் போயிடும்போல இருக்கு," என்றார் தெய்வநாயகம்.

மாநகராட்சியில் பூங்காப் பிரிவு அதிகாரி அவர். ஆபீஸில் எல்லாரையும் விரட்டுகிற மனுஷன், புறவழிச்சாலை ஓரத்து மடத்தில் இருக்கும் பூரணியம்மா முன்னால் மட்டும் கைகட்டி நிற்பார். அம்மா அவரைவிட வயதில் சின்னவள்தான். அதனால் என்ன, குரு குருதானே.

"எந்தப் பணம்?"

"மரம் நட வந்த பணம். மார்ச் முடியறதுக்குள்ள செலவழிக்கணும். இல்லன்னா அடுத்த வருஷம் ஒதுக்கவே மாட்டாங்க. அப்புறம் ஊருக்கு நிழலே கிடையாது."

"நட வேண்டியதுதானே?"

"வெயில் இந்தக் கொளுத்து கொளுத்துதே! வெக்கிற கன்னெல்லாம் கருகிடுது. வருஷா வருஷம் இதே கூத்துதான். வெக்கலாமா வேண்டாமான்னு நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்கம்மா. மனசு கெடந்து அடிச்சுக்குது."

அம்மா செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே நடந்தாள்.

உச்சி வெயில். சாலை ஓரம் நெடுகக் குழிகள். பழைய குழிகளைச் சுற்றி இரும்புக் கூண்டு, கூண்டுக்குள் காய்ந்த குச்சி. புதுக் கன்றுகள் லாரியில் வாடிக் கிடந்தன. ஆட்கள் சாப்பிடப் போயிருந்தார்கள்.

அம்மா ஒரு காலிக் குழியைக் காட்டினாள்.

"இறங்குங்க."

"நானா?"

"கன்னுகிட்ட கேட்டா சொல்லாது. நீங்க சொல்லுவீங்க."

இறங்கினார். அம்மா முழங்கால்வரை மண்ணைத் தள்ளி மிதித்தாள். ஒரு கூண்டை இழுத்துவந்து அவரைச் சுற்றி நிறுத்தினாள். திரும்பிப் பார்க்காமல் மடத்துக்குப் போய்விட்டாள்.

முதலில் அவருக்குச் சிரிப்புதான் வந்தது.

ஆட்கள் சாப்பிட்டுவிட்டு வந்தார்கள்.

"டேய் முனியசாமி! இங்க வாடா!"

முனியசாமி வந்தான். கூண்டுக்கு முன்னால் நின்று, செல்போனில் ஒரு படம் எடுத்தான்.

"இது வெச்சாச்சு," என்று பின்னால் பார்த்துச் சொன்னான். "அடுத்த குழிக்குப் போங்கப்பா."

"டேய், நான்டா!"

அவன் போயே போய்விட்டான்.

தெய்வநாயகம் காலை உருவப் பார்த்தார். வரவில்லை. மண்ணுக்கு அடியில் கால்விரல்கள் எதையோ தேடிக் கீழே கீழே நீண்டுகொண்டிருந்தன. ஜல்லிதான் தட்டுப்பட்டது. அதற்கும் கீழே பழைய தார்.



"அம்மா! தண்ணி! தண்ணி ஊத்தச் சொல்லுங்க!"

வாய் திறந்தது. இலை உரசுகிற சத்தம் மட்டும் வந்தது.

பக்கத்துக் கூண்டில் இருந்த குச்சி அசைந்தது. காற்றே இல்லை.

"கத்தாதீங்க சார்," என்றது அது. "இருக்கிற ஈரமும் போயிடும்."

அவர் மெல்லத் திரும்பிப் பார்த்துக் கேட்டார்.

"நீங்க எந்த வருஷத்துப் பணம்?"