எல்லைக்கல்லைத் தூக்கிய இலவமரம்

நம்பினால் நம்புங்கள். பண்ணையார் வீரபாகு வேலியோரம் நட்ட இலவமரத்தில் காலையில் ஆட்டைக் கட்டினால் சாயங்காலம் அது கொம்பில் தொங்கும், அத்தனை வேகமாக வளர்ந்த மரம்! பக்கத்திலிருந்த எல்லைக்கல்லையும் தூக்கிக்கொண்டே வளர்ந்துவிட்டது. இலைக்குள் மறைந்த கல்லைப் பார்த்தவள், அதனடியில் சுள்ளி பொறுக்கும் பக்கத்துக் குடிசை ஒச்சம்மா மட்டும்தான்.

பண்ணையார் சபையைக் கூட்டினார். "எல்லைக்கல்லைக் காணோம். அப்ப உன் குடிசையும் என் நிலம்தான். காலி பண்ணு!"

"கல்லு இருக்கிற இடம்தான் எல்லைன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க ஐயா. மாசியில காட்டுறேன்" என்றாள் ஒச்சம்மா.

பண்ணையாரும் சிரித்துக்கொண்டே அந்த வார்த்தையைச் சொன்னார்.

மாசியில் மரம் மொட்டையானது. பண்ணையார் வீட்டுக்கு மேலே நீண்ட கொம்பில் கல் உட்கார்ந்திருந்தது! எல்லை வானத்திலா, பூமியிலா? ஊரே குழம்பிப்போய் அண்ணாந்து நின்றது. இலவங்கொம்புக்குப் பலம் ஏது? ஒரு காற்றுக்கே முறிந்தது. கல் கூரையைப் பொத்துக்கொண்டு பண்ணையார் அடுப்படியில் விழுந்தது.

ஒச்சம்மா சோற்றுப்பானையோடு உள்ளே போனாள். "கொஞ்சம் நகருங்க ஐயா. அடுப்பு என் பக்கம் வந்துடுச்சு."

அன்றைக்கே பண்ணையார் கல்லைத் தாமே சுமந்துபோய்ப் பழைய இடத்தில் நட்டார். பழைய இடம் எதுவென்று யாரையும் கேட்கவில்லை.