முழங்கால் தண்ணீரில் கேட்ட மணி

"அம்மா, பவளத்தோட குரல் மறந்துபோச்சு."

வந்ததும் வராததுமாக அஞ்சப்பன் சொன்னார். கடலோடி. மனைவி பவளக்கொடி இறந்துபோய் இரண்டு ஆடி ஆகிறது. கழிமுகத்தில் குடியிருந்த குரு அமிர்தம்மை அவரைவிட இளையவள்தான். ஆனாலும் அவருக்கு அவள் அம்மா.

"முகம்?"

"முகம் இருக்கு. சிரிப்பு இருக்கு. வாய் அசையுது, சத்தந்தான் வரல. துடுப்புல காத வச்சு, கடலுக்கடியில கத்தலை மீன் கத்துறதையே கேக்குறவன் நான்."

"கேக்கணும்னு என்ன செய்யறீங்க?"

"அவ படுத்திருந்த கட்டில்ல, தலைமாட்டுல உக்காந்து, ஆசையா பேசினத மட்டும் நெனைப்பேன். தெனமும் அங்கயேதான். மத்த எதையும் கிட்ட விடமாட்டேன்."

சொல்லிவிட்டு மூக்கை உறிஞ்சினார். பாவம், புயலுக்கே அசராத மனுஷன்.

"துடுப்ப எடுத்துக்கிட்டு வாங்கண்ணே."

முழங்கால் தண்ணீரில் துடுப்பை ஊன்றி, அதன் நுனியில் காதை வைத்துக் கண்ணை மூடினார். குரு தூரத்தில் உட்கார்ந்து, ஒரு வெண்கல மணியைத் தண்ணீருக்குள் அமிழ்த்தி அடித்தாள்.

"அடிக்கிறீங்களாம்மா?"

"அடிச்சுக்கிட்டேதான் இருக்கேன்."

துடுப்பை இன்னும் அழுத்தினார். மூச்சை அடக்கினார். ம்ஹூம்.

"அங்கயே நின்னா எப்படி? ஓரடி தள்ளி நில்லுங்க."

தள்ளி நின்றார். மணி கணீரென்றது.

"இங்க கேக்குதே! அங்க ஏன் கேக்கல?"

"ஆழமில்லாத தண்ணி. ஒரே சத்தம் அடிமண்ணுல பட்டும் வருது, மேல பட்டுத் திரும்பியும் வருது. சில எடத்துல ஒண்ண ஒண்ணு தூக்கிவிடும். சில எடத்துல ஒண்ண ஒண்ணு அமுக்கிடும். நீங்க நின்னது அமுக்குற எடம்."

"அப்ப, சத்தம் இருந்துச்சா?"

குரு மணியைத் துடைத்துக்கொண்டு எழுந்து போய்விட்டாள்.

இதற்குத்தானா இவ்வளவு தூரம் வந்தோம் என்று சலித்தபடி அஞ்சப்பன் வீடு திரும்பினார். வேட்டி சொட்டியது. காலெல்லாம் சேறு. கட்டிலில் போய் உட்காரும் நினைப்பிலேயே வாசற்படியில் கால் வைத்தார்.

காதுக்குள் பவளக்கொடி வெடித்தாள்.

"சேத்துக் காலோட உள்ள வராதய்யான்னு எத்தன வாட்டி கத்துறது! இப்பத்தான மொழுகிவிட்டேன்!"

அஞ்சப்பன் படியிலேயே நின்றார். கண் நிறைந்துவிட்டது.

கால் கழுவத் தண்ணீர்க் குடத்துப் பக்கம் போனவர், கழுவாமலே திரும்பி வந்து, மறுபடியும் படியில் கால் வைத்தார்.