எதிலும் மாட்டாத ராட்செட்

தூத்துக்குடியில் துறைமுகச் சாலையோரம் பட்டறை வைத்திருந்த ஃபிலோமினாள், நட்டு கழற்றும் பழைய ராட்செட்டுகளைத் தேடி வாங்கிச் சீராக்கி வைப்பவள். பஸ் டெப்போவில் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்ற தாவூது அந்த வேலையைக் கற்றுக்கொள்ள அவளிடம் வந்து சேர்ந்தார். வயதில் அவர்தான் மூத்தவர். ஆனாலும் "அம்மா" என்றுதான் கூப்பிடுவார். அவள் "அண்ணே" என்பாள்.

பழைய இரும்புக் கடையில் தாவூதுக்கு ஒரு ராட்செட் கிடைத்தது. துருவேறி இறுகிப்போயிருந்தது. மண்ணெண்ணெயில் ஊறப்போட்டுப் பிரித்தார். ஒடிந்த ஸ்பிரிங்குக்குப் பதிலாக வேறொன்றைத் தானே சுற்றிப் போட்டார். ஒருவழியாக அது சுழன்றது. ஆனால் நட்டைக் கவ்வுகிற சாக்கெட் எதுவும் அதன் முனையில் மாட்டவில்லை. அதன் சதுர முனை அரை இஞ்சுக்குப் பெரிது, முக்கால் இஞ்சுக்குச் சிறிது. எந்தக் காலத்திலோ செய்து கைவிட்ட அளவு.

முனையை அரத்தால் அரை இஞ்சுக்கு ராவிவிடலாமா என்று கேட்டார்.

"ராவிட்டா திரும்ப வளராது அண்ணே," என்றாள்.

அவர் அதை எண்ணெய்த் துணியில் சுற்றி வைத்தார். நாள்தோறும் எடுத்துத் துடைத்து, கொஞ்சம் சுழற்றிப் பார்ப்பார். அதன் மேல் அவருக்கு ஆசை விழுந்துவிட்டது.

ஒரு காலையில் கஸ்பார் என்ற படகுக்காரர் வந்தார். அவர் அப்பா காலத்து எஞ்சின் நின்றுபோயிருந்தது. ஸ்பேனர் நுழையாத இடுக்கில் உள்ள ஒரு நட்டைக் கழற்ற வேண்டும். சாக்கெட் இருக்கிறது, அதைச் சுழற்றுகிற ராட்செட் கைப்பிடி உடைந்துவிட்டது, ஊரெல்லாம் தேடியும் பொருந்துகிற கைப்பிடி இல்லை. மீன்பிடித் தடைக்காலம் முடிந்து மற்ற படகுகள் கிளம்பிவிட்டன, தன் ஆட்கள் கரையிலேயே உட்கார்ந்திருக்கிறார்கள் என்றார்.

அவர் நீட்டிய சாக்கெட்டைப் பார்த்துவிட்டு ஃபிலோமினாள் தாவூதைப் பார்த்தாள்.

தாவூது துணியைப் பிரித்தார். சாக்கெட் கச்சிதமாக உட்கார்ந்தது. இன்னொன்று இப்படிக் கிடைக்காது என்று அவருக்குத் தெரியும். ஒரு முறை சுழற்றிப் பார்த்தார். பிறகு அதை எடுத்துக்கொண்டு கஸ்பாரோடு நடந்தார்.

நட்டு கழன்றது. சாயங்காலத்துக்குள் எஞ்சின் ஓடியது. ராட்செட் படகிலேயே இருக்கட்டும் என்று தாவூது சொன்னபோது, கஸ்பார் அவர் கைகள் இரண்டையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

பட்டறைக்குத் திரும்பி வந்து, நடந்ததையெல்லாம் சொன்னார் தாவூது.

"அவரு நன்றி சொன்னாரும்மா. எனக்கு வார்த்தை வரல. என்ன சொல்லியிருக்கணும்?"

"நீங்களும் நன்றி சொல்லியிருக்கலாம்."

"குடுத்தது நான்தானம்மா?"

"துருவை எடுத்தீங்க அண்ணே. அதுக்கப்புறமும் அது இரும்பாத்தானே கிடந்துச்சு. இன்னைக்கு அதை ராட்செட் ஆக்குனது யாரு?"

தாவூது எழுந்தார். வாசலில் விட்ட செருப்பை மாட்டிக்கொண்டு மறுபடி கஸ்பாரின் படகு நின்ற துறைமுகத்தைப் பார்த்து நடந்தார்.