மகர ராசிக்கு இன்றைய பலன்

கும்பகோணத்துச் சோதிடர்கள் கூட்டத்தில், பட்டம் பல வாங்கிய வைத்திலிங்கம் தன் இணையதளத்தைத் திரையில் காட்டி உறுமினார். "என் ராசிபலனை அப்படியே திருடிப் போடுறா இந்தச் சூடாமணி. அவ தளத்தை இன்னைக்கே மூடணும்!"

நடந்ததோ தலைகீழ். திரையின் மேலே இருந்த இணைய விலாசம் மட்டும்தான் அவருடையது. சன்னல் வைத்ததுபோல் அதற்குள் நேரடியாகத் தெரிந்ததெல்லாம் சூடாமணியின் தளத்துப் பக்கம்; அவள் அங்கே எழுதுவது இங்கே அப்படியே வரும்.

சூடாமணி கைபேசியோடு எழுந்தாள். "ஐயா, ஊருக்கே நாளைக்கு நடக்கறதைச் சொல்றீங்க. உங்க தளத்துல அடுத்த நிமிஷம் என்ன வரும்னு சொல்லுங்க, என் தளத்தை மூடிடறேன்."

"இப்ப இருக்கறதேதான் இருக்கும்!"

அவள் தன் பக்கத்தில் ஒரு வரியை மாற்றினாள். திரையில் அவர் விலாசத்துக்குக் கீழேயே அது பளிச்சென்று வந்தது: "மகரம்: இரவல் சரக்கு இன்று சபையில் அம்பலமாகும்."

தலைவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு பார்த்தார். "வைத்தி, நீங்க மகரம்தானே? அடேயப்பா, இந்தப் பொண்ணு சொன்னா உடனே பலிக்குதே!"