பேசும் பட்டன் இல்லாத பெட்டி

குருவுக்கு வயது முப்பத்தாறு. சீடருக்கு அறுபத்து மூன்று. சிரிக்க வேண்டாம், நடந்தது அப்படித்தான்.

குரு பியூலா. ஜோலார்பேட்டை ஸ்டேஷனுக்குப் பின்னால் ரேடியோ, டிவி ரிப்பேர் கடை வைத்திருந்தார். வேலை இல்லாத நேரத்தில் ஸ்கேனர் என்ற ஒட்டுக்கேட்கும் ரேடியோவைப் போட்டுவிட்டு, ஸ்டேஷன் மாஸ்டரும் ரயில் டிரைவர்களும் வாக்கிடாக்கியில் பேசிக்கொள்வதைக் கேட்பார். அதுதான் அவருக்குப் பொழுதுபோக்கு. அதற்கென்றே மொட்டைமாடியில் ஓர் ஆன்டெனா நட்டிருந்தார்.

சீடர் சபாநாயகம், ரிட்டயர்டு தலைமையாசிரியர். அவர் வராந்தாவில் நடந்தால் பள்ளிக்கூடமே மூச்சுவிடாது என்பார்கள். வீட்டிலும் அவர் ஒருவர்தான் பேசுவார்.

"எனக்கும் இதைக் கத்துக்கொடுக்கணும்மா," என்று வந்து நின்றார்.

"எதுக்கு சார்?"

"என் பையன் நன்மாறன் கூட்ஸ் வண்டியில அசிஸ்டென்ட் டிரைவர். இந்த வழியாத்தான் போறான், வர்றான். என்கிட்ட பேசி எட்டு மாசமாச்சு. குரலையாவது கேட்கணும்."

"என்ன ஆச்சு?"

"ஒருநாள் போன் பண்ணினான். 'அப்பா, இன்னிக்கு எங்க வண்டியில'ன்னு ஆரம்பிச்சான். 'இந்த வேலை வேணாம்னு அப்பவே சொன்னேனே, கேட்டியா'ன்னு நான் பிடிச்சுக்கிட்டேன். கால் மணி நேரம் பேசியிருப்பேன். 'சரிப்பா'ன்னு வெச்சுட்டான். அதோட சரி. அவனும் பண்றதில்லை, நானும் பண்றதில்லை."

"அவர் என்ன சொல்ல வந்தார்?"

"தெரியலையேம்மா."

பியூலா ஒரு பழைய ஸ்கேனரைத் துடைத்து அவர் முன்னால் வைத்தார். "ஒரே சட்டம்தான் சார். இங்கே கேட்டதை வெளியே போய்ச் சொல்லக் கூடாது."

பெட்டியைப் போட்டதும் உஸ்ஸென்று இரைந்தது. சபாநாயகத்துக்குச் சத்தம் ஆகாது. ஒரு குமிழைக் கண்டுபிடித்துத் திருகினார். பெட்டி கப்சிப். மனிதருக்குப் பரம திருப்தி.

நாலு நாள் ஆனது. பக்கத்து ஸ்டேஷன் மாஸ்டரின் குரல் மட்டும் கணீர் கணீரென்று வந்தது.

"அவன் குரல் வரவே இல்லையேம்மா."

பியூலா அந்தக் குமிழைப் பழையபடி திருப்பி வைத்தார். மறுபடியும் இரைச்சல்.

"சத்தத்தை அடக்கினா பக்கத்துல இருக்கிறவங்க குரல்தான் சார் வரும். தூரத்துக் குரல் இந்த இரைச்சலுக்குள்ளதான் இருக்கும்."

எந்த வகுப்பிலும் அவர் ஒரு நிமிஷம்கூடப் பொறுத்துக்கொள்ளாத சத்தம் அது. தினமும் வந்து அதற்குள் உட்கார்ந்தார். தலைவலி மாத்திரையைச் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டார்.

பன்னிரண்டாம் நாள், மத்தியானம் மூன்று மணி.

"மாஸ்டர் சார், கூட்ஸ் அசிஸ்டென்ட் பேசுறேன்..."

சபாநாயகம் பெட்டியை இரண்டு கையாலும் தூக்கிவிட்டார். "நன்மாறா! டேய், சாப்பிட்டியா? குரல் ஏன்டா கம்மியிருக்கு? தண்ணி நிறையக் குடின்னு எத்தனை தடவை சொல்லியிருக்கேன்..."

அவர் நிறுத்தியபோது பெட்டியில் இரைச்சல் மட்டும்தான் இருந்தது.

பியூலா சிரிக்கவில்லை. "என்ன சொன்னார் சார்?"

"யாரு?"

"உங்க பையன்."

சபாநாயகம் யோசித்தார். ஒரு வார்த்தைகூட நினைவில்லை. பன்னிரண்டு நாள் தவம் கிடந்து வந்த குரல். பாவம், கண் கலங்கிவிட்டது.

"நீ கேட்டியாம்மா?"

"கேட்டேன். வண்டியை மெயின் லைன்லேர்ந்து ஒதுக்கி லூப் லைன்ல நிறுத்தியாச்சாம். வேற ஆள் ஏறினதும் அவர் டூட்டி முடியுது. நாலு மணிக்கெல்லாம் டிரைவருங்க தங்குற ரெஸ்ட் ரூமுக்குப் போயிடுவார்."

சபாநாயகம் ஸ்கேனரைத் தள்ளி வைத்தார். "இது எனக்கு வேணாம். வெறுமனே கேட்டு என்ன பிரயோஜனம்? திருப்பிப் பேசுற பட்டன் இருக்கிற பெட்டி ஒண்ணு கொடு."

பியூலா அலமாரியிலிருந்து இரண்டு வாக்கிடாக்கி எடுத்தார். ஒன்றை அவர் கையில் கொடுத்துவிட்டு, இன்னொன்றுடன் சாலையைக் கடந்து எதிர்ச்சாரி டீக்கடை வாசலில் போய் நின்றார். பேசுங்கள் என்று கை காட்டினார்.

சபாநாயகம் பட்டனை அழுத்திப் பேசினார். எதிரே பியூலாவின் வாயும் அசைந்துகொண்டிருந்தது. ஆனால் ஒரு சத்தமும் வரவில்லை. இன்னும் அழுத்தினார். இன்னும் உரக்கப் பேசினார்.

பியூலா திரும்பி வந்தார்.

"உன் குரலே வரலையேம்மா. ரிப்பேரா?"

"ரிப்பேர் இல்லை சார். பட்டனை அழுத்திட்டிருக்கிற வரைக்கும் அந்தப் பக்கத்துக் குரல் வராது. விட்டாத்தான் வரும்."

சபாநாயகம் தன் கட்டைவிரலைப் பார்த்தார். அது இன்னும் பட்டன் மேலேயே இருந்தது.

நாலு மணி அடித்து ஐந்து நிமிஷம் கழித்துப் போனை எடுத்தார். மகனின் நம்பரைப் போட்டார். நான்காவது ரிங்கில் நன்மாறன் எடுத்தான்.

"அப்பா?"

அவர் வாய் திறந்தது. எட்டு மாதப் பேச்சு தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. மேஜைக்கு அந்தப் பக்கம் பியூலா வாக்கிடாக்கியைத் தூக்கி, பட்டனிலிருந்து விரலை எடுத்துக் காட்டினார். சபாநாயகம் வாயை மூடிக்கொண்டார்.

"அப்பா, லைன்ல இருக்கீங்களா?"

"இருக்கேன். சொல்லு."

போனில் வெகுநேரம் மின்விசிறிச் சத்தம்தான் கேட்டது. அவர் அதை இருக்க விட்டார்.

"அன்னிக்கு எங்க வண்டி முன்னாடி ஒருத்தர் வந்துட்டாருப்பா. பிரேக் போட்டோம். நிக்கலை."

"ம்," என்றார் சபாநாயகம்.