செவலையை நான் பிடிச்ச பிடி

மாடு பிடிக்கறதுல இந்த வட்டாரத்துல என்னைய மிஞ்ச ஆள் கெடையாதுங்க. ஒரு சின்ன விசயம் மட்டும் முன்னாடியே சொல்லிப்போடறேன். நான் பிடிச்சா மாடு நிக்காது. ஆனா நான் உடமாட்டேன். மாட்டுக்குப் பின்னால குப்புற இழுபட்டே நான் போன தூரத்தை வேற எந்த மனுசனும் நடந்துகூடப் போயிருக்க மாட்டான். டெய்லர்கிட்ட, சட்டைக்குப் பின்பக்கம் மட்டும் தெச்சாப் போதும்னு கேட்டவன் நான் ஒருத்தன்தான். முன்பக்கம் எப்படியும் மூணு நாளைக்கு மேல தங்காது.

இது போன ஆவணியில நடந்ததுங்க. எங்க ஊட்ல இருக்கறது ஒரே ஒரு கறவை மாடு, செவலை. ரெண்டு நேரமும் சேர்த்துப் பதிமூணு லிட்டர் கறக்கும். அந்தப் பால்லதான் எங்க அடுப்பே எரியுது. என்ற ஊட்டுக்காரி பாவாத்தாளுக்கு அந்த மாடுன்னா உசுரு. நான் நாலு நாள் ஊட்டுக்கு வராட்டி பக்கத்துல விசாரிப்பா, அவ்வளவுதான். செவலை ஒரு நேரம் தண்ணி காட்டினதைக் குடிக்காட்டி அவளுக்குச் சோறு எறங்காது.

அந்தச் சமயம் பார்த்து பக்கத்து ஊர் ஓடக்காட்டுல கோமாரி வந்துருச்சு. வாயெல்லாம் புண்ணு, கால் ஊன முடியல, நாலு மாடு படுத்து ரெண்டு போயே போச்சு. தடுப்பூசி போட்டாத்தான் தப்பும். மாட்டு டாக்டரம்மா ரெண்டு தடவை எங்க கட்டுத்தரைக்கு வந்தாங்க. ரெண்டு தடவையும் ஊசி போட முடியாமத் திரும்பிட்டாங்க. ரெண்டு தடவையும் அதுக்குக் காரணம் ஒரே ஆளு. மாடு இல்லீங்க.

மூணாவதா செவ்வாக்கிழமை பத்து மணிக்கு வர்றேன்னு சொல்லியுட்டாங்க. ஐஸ் பெட்டியில மருந்து கொஞ்சந்தான் மிச்சம், மாடு ஆடாம நின்னாப் போடுவேன், இல்லாட்டி அடுத்த மாசந்தான்னு கண்டிசனாச் சொல்லிட்டாங்க. அடுத்த மாசம் வரைக்கும் ஓடக்காட்டு நோய் ரோட்டுக்கு அந்தப்பக்கமே நிக்குமுங்களா? எனக்கு ராத்திரி தூக்கமே இல்லை.

காலையில எந்திரிச்சதும் பாவாத்தா சொன்னா, “நீங்க மாரப்பன் டீக்கடைக்குப் போங்க. அங்க என்ற தம்பி நாட்ராயன் இருப்பான். மாடு பிடிக்க நாலு பேரைச் சேர்த்துக் கூட்டிக்கிட்டு வாங்க. ஆளு சேராம மட்டும் வந்துறாதீங்க.”

எனக்கு ஒரே பெருமைங்க. என்ற மேல இவ்வளவு நம்பிக்கை வெச்சு அவ ஒரு வேலை சொல்லிப் பத்துப் பன்னண்டு வருசம் இருக்கும். ஒம்போது மணிக்கெல்லாம் டீக்கடையில இருந்தேன்.

நாட்ராயன் பெஞ்சில உக்காந்து பேப்பர் படிச்சிட்டிருந்தான். லைன்மேன் வேலை பார்க்கறவன், எதையும் தொட்டுப் பார்த்துத்தான் நம்புவான். விசயத்தைச் சொன்னேன்.

“அதுக்கென்னுங்க மச்சான், போலாம். ரெண்டு பேரு குளிச்சிட்டு வர்றானுக. அதுக்குள்ள, மொதல் தடவை என்ன நடந்துச்சுன்னு சொல்லுங்க, நாங்களும் உசாரா இருக்கோணுமல்லங்க” அப்படின்னான்.

கேட்டது நியாயந்தானுங்களே. சொன்னேன்.

“மொதல் தடவை நான் பண்ணின தப்பு, கயிறு நழுவிரக் கூடாதுன்னு கையில மூணு சுத்துச் சுத்திக்கிட்டது. டாக்டரம்மா பெட்டி மூடியைத் தொறந்தாங்க. அந்தச் சத்தம் கேட்டதும் செவலை கெளம்பிருச்சு. நானும் கூடவே கெளம்பிட்டேன். என்ற குதிகால் ரெண்டும் நெலத்துல ஊனிச்சு பாருங்க, பக்கத்துக் காட்டுல ரெண்டு சால் ஓடிருச்சு. பின்னாலயே அந்தக் காட்டுக்காரரு வெதைச்சோளத்தைப் போட்டுக்கிட்டே வந்துட்டாரு. உழவு கூலி மிச்சம்னு இன்னிக்கும் என்னையப் பார்த்தாக் கும்பிடறாரு.”

“கயித்தை உட்ருக்கலாமல்லங்க?” அப்படின்னாரு கடைக்கார மாரப்பன். டீ ஆத்திக்கிட்டே கேட்டாரு.

“மூணு சுத்து சுத்தினா எப்படிங்க உடறது? நான் உட்டாலும் அது உடாதுங்க. தார் ரோட்டுல ஏறினதும் டவுன் பஸ்ஸு முன்னால போயிட்டிருந்துச்சு. முந்திட்டோம். கண்டக்டரு சன்னல்ல எட்டிப் பார்த்து, பெரியவரே, இப்படிப் போனா செருப்புத் தேயுமேன்னாரு. நான் குனிஞ்சு பார்த்தேன். செருப்பு போன ஊர்லயே தீர்ந்துருச்சு. பாதத்துல பாதிதான் மிச்சம்.”

நாட்ராயன் என்ற காலைக் குனிஞ்சு பார்த்தான். “முழுசாத்தானுங்க இருக்குது.”

“பொறவு வளர்ந்துச்சு மாப்ள. நகம் வளர்றதில்லியா?”

கடையில இருந்தவங்கெல்லாம் சிரிச்சாங்க. நான் கடியாரத்தைப் பார்த்தேன், ஒம்போதே கால். எந்திரிச்சேன். மாரப்பன் சூடா ரெண்டு போண்டாவைக் கொண்டாந்து முன்னால வெச்சு, “சித்தே இருங்கண்ணே, அவனுக இன்னும் தலை துவட்டலையாம்” அப்படின்னாரு. ஓசிப் போண்டாவுங்க. அந்தக் கடையில நாப்பது வருசத்துல ஒருத்தரும் கண்டதில்லை. அப்பவே எனக்குச் சந்தேகம் வந்திருக்கோணும். நான் உக்காந்து தின்னேன்.

“ரெண்டாவது தடவை?” நாட்ராயன் பேப்பரையே மடிச்சு வெச்சுட்டான்.

“ரெண்டாவது தடவை புத்தி வந்துருச்சு. கையில பிடிக்கறதே கெடையாது, மரத்துல கட்டறதுதான். கெணத்து மேட்டுத் தென்னையில ஒம்போது முடிச்சுப் போட்டேன். நானே கண்டுபிடிச்ச முடிச்சு. அவுக்கறது எப்படின்னு இன்னும் கண்டுபிடிக்கலை. ஒரே ஒரு எடத்துல சறுக்கிருச்சு. கயிறு எட்டு முழம் நீளமா உட்டுட்டேன். அந்தப்பக்கம் மாடு, இந்தப்பக்கம் மரம், நடுவுல நானு.”

“அய்யய்ய” அப்படின்னாரு மாரப்பன்.

“செவலை மரத்தைச் சுத்தி நடந்துச்சு. சும்மா, கோயில் சுத்தற மாதிரி, பொறுமையா. பதினோரு சுத்து. டாக்டரம்மா வந்து பார்க்கையில மரத்தோட மரமா என்ற மூக்கும் மீசையும் மட்டும் வெளியில இருக்குது. கயிறு தீர்ந்து போய் மாட்டுக் கழுத்தும் என்ற கழுத்தும் ஒட்டி நிக்குது. டாக்டரம்மா ஊசியைக் கையில வெச்சுக்கிட்டு ரொம்ப நேரம் ரோசனை பண்ணினாங்க. இதுல எது மாடுங்கன்னு கேட்டாங்க. பால் கறக்கறது மாடு, பேசறது நானுன்னேன். அதுக்குள்ள ஒரு ஈ வந்து செவலை மூக்குல உக்காந்துச்சு. தும்முச்சு பாருங்க ஒரு தும்மல், தென்னை வேரோட பிடுங்கிக்கிச்சு.”

“மரமா?”

“மரமும், நானும். படுத்தவாக்குல இல்லை மாப்ள, நட்டமா. தேர் போற மாதிரி நிமுந்தவாக்குல போறோம். போற வழியில ஒவ்வொரு ஊட்டு வாசல்லயும் ஒரு தேங்காய் விழுகுது. அடுத்த ஊர்க்காரங்க ஏதோ வேண்டுதலாட்டம் இருக்குதுன்னு என்ற நெத்தியில சந்தனம் வெச்சு, செவலைக்கு மாலை போட்டாங்க. கூட்டத்துல ஒருத்தன் என்னைய மூணு சுத்துச் சுத்திக் கும்பிட்டு, மகனுக்குப் பொண்ணு அமையோணும்னு வேண்டிக்கிட்டான். ஏரிக்கரையில போய் மாடு நின்னுச்சு. மரம் அங்கயே ஊனிக்கிச்சு. இப்பப் போய்ப் பாருங்க, கொலை கொலையாக் காய்ச்சுக் கெடக்குது. எடம் இன்னொருத்தருது, காயும் அவருக்கே.”

“மச்சான்,” நாட்ராயன் தொண்டையைச் செருமிக்கிட்டான். “இது நடந்து முழுசா ஒரு மாசம் ஆகலீங்க. அதுக்குள்ள எப்படிங்க காய்க்கும்?”

“பயத்துல காய்ச்சது. அடுத்த தடவையும் நான்தான் மாடு கட்டுவேன்னு மரத்துக்குத் தெரியுமல்ல.”

நான் புளுகறதில்லீங்க, கொஞ்சம் நீட்டுவேன். நீட்ட நீட்ட ஒரு சொகம். கடையில ஒருத்தன் ‘அப்பறம்’னு கேட்டுட்டான்னா எனக்கு ஊடு வாசல் மறந்து போயிரும். இருந்தாலும் பத்து மணியை மட்டும் மறக்கலை. மூணாவது டீ குடிக்கையில முள்ளு பத்துக்கிட்ட வந்துருச்சு. துண்டை உதறித் தோள்ல போட்டுக்கிட்டு, “ஏப்பா, போதும், வாங்க போலாம். இந்தத் தடவையும் தவறிப் போனா அந்த மாட்டை நான் எந்த மூஞ்சியை வெச்சுப் பார்க்கறது?” அப்படின்னேன். அது மட்டும் நீட்டாமச் சொன்னதுங்க.

நாட்ராயன் என்ற துண்டைப் பிடிச்சு உக்கார வெச்சான். “டாக்டரம்மா ஸ்கூட்டரு இந்த வழியாத்தானுங்க வரோணும். இன்னும் வரலை பாருங்க. வந்ததும் பின்னாலயே போயிரலாம். மூணாவது தடவைக்கு ஏதோ கூண்டு செஞ்சீங்களாமா? அக்கா சொல்லிச்சு.”

கூண்டுன்னு கேட்டதும் என்னால முடியலீங்க.

“ஆமா மாப்ள. மாட்டாஸ்பத்திரியில இருக்கறதாட்டம் கம்பிக் கூண்டு. மாடு உள்ள போனா முன்னாலயும் போக முடியாது, பின்னாலயும் வர முடியாது. ஆழ்துளைக் கெணத்துப் பழைய பைப்பை வெட்டி நட்டேன். நட்ட வேகத்துல ஒரு கால் கீழ எறங்கி எறங்கித் தண்ணியே வந்துருச்சு. அதை அடைக்க ரெண்டு நாளு. பொறவு ரோசிச்சேன், மாட்டை உட்டுப் பார்க்கறதுக்கு முன்னால நாம போய்ப் பார்த்தா என்ன? தாழ்ப்பாளைத் தானாப் பூட்டிக்கற மாதிரி வெச்சிருந்தேன். உள்ள போனேன். பூட்டிக்கிச்சு.”

“தொறக்கறது?”

“வெளியில இருந்து. செவலை எதுத்தாப்பல நின்னு அசை போட்டுக்கிட்டே பார்க்குது. மூணு பகல் உள்ள இருந்தேன். பாவாத்தா பழக்க தோசத்துல சோளத்தட்டு அள்ளிப் போட்டுட்டுப் போறா. மொத நாள் கோவம் வந்துச்சு, ரெண்டாம் நாளு ருசி தெரிஞ்சுச்சு. பால் சொசைட்டிக்காரரு வந்து முதுகைத் தட்டிப் பார்த்து, கறவை எவ்வளவுன்னு கேட்டாரு. மூணாம் நாளு மாட்டுக் காதுல நம்பர் போட்ட மஞ்சள் வில்லை குத்தறவங்க வந்தாங்க. கூண்டுக்குள்ள எது நிக்குதோ அதுக்குக் குத்தறது அவுங்க வேலை. குத்திட்டுப் போயிட்டாங்க. நம்பாட்டி இந்தா பாரு ஓட்டை.”

காதைத் திருப்பிக் காட்டினேன்.

“அது உங்க கல்யாணத்துல எங்கப்பா கடுக்கன் போட்ட ஓட்டைங்க” அப்படின்னான் நாட்ராயன்.

“அந்த ஓட்டையிலயேதான் குத்தினாங்க. புதுசாக் குத்தினா வலிக்கும்னு இரக்கப்பட்டு.”

கடையே குலுங்குச்சு. மாரப்பனுக்குச் சிரிப்புல கண்ணுல தண்ணி. நானும் சிரிச்சுக்கிட்டே ரோட்டைப் பார்த்தேன். டாக்டரம்மா ஸ்கூட்டரு வருது. ஆனா வர வேண்டிய பக்கமிருந்து வரலை. எங்க தோட்டத்துப் பக்கமிருந்து திரும்பி வருது. கடியாரத்தைப் பார்த்தா பத்தே முக்கால். எப்பவோ கடையைத் தாண்டிப் போயிருக்காங்க. அப்ப நான் ரோட்டுக்கு முதுகைக் காட்டிக் கூண்டுக் கதையை நீட்டிக்கிட்டு இருந்திருக்கேன்.

சிரிச்ச வாயை மூட மறந்து போய் ரோட்டுக்கு ஓடினேன். ஓடக்காட்டுல படுத்துக் கெடந்த மாடுக கண்ணுக்குள்ள வந்துச்சு. வாயில நொரை தள்ளிக்கிட்டுச் செவலை படுத்துக் கெடக்கற மாதிரியே தோணிருச்சு. ஸ்கூட்டருக்குக் குறுக்க நின்னு கையெடுத்துக் கும்பிட்டேன்.

“அம்மா, கோவிச்சுக்காதீங்க. ஆளு சேர்த்துட்டேன். நாலு பேரு இருக்காங்க. ஒரே ஒரு தடவை திரும்பி வாங்க. இந்தத் தடவை நான் கயித்தையே தொடமாட்டேனுங்க.”

டாக்டரம்மா ஸ்கூட்டரை நிறுத்திட்டு என்னையப் பார்த்தாங்க. “ஊசி போட்டாச்சுங்களே.”

“யாருக்குங்க?”

“செவலைக்குத்தான். உங்க வீட்டம்மா தவுட்டுச் சட்டியை முன்னால வெச்சாங்க. கயித்தை ஒரு முழத்துல குட்டையா வேப்பமரத்துல கட்டினாங்க, இழுத்தா அவுந்துக்கற ஒரே முடிச்சு. தாடையைச் சொறிஞ்சுக்கிட்டே ஏதோ பேசிக்கிட்டு இருந்தாங்க. நான் குத்தி எடுத்தது மாட்டுக்கே தெரியலை. தவுடு தீர்ந்துருச்சான்னுதான் திரும்பிப் பார்த்துச்சு.”

“அந்தக் கூண்டுங்க?”

“அதுல கோழி அடைச்சிருக்காங்க” அப்படின்னுட்டு வண்டியைக் கெளப்பிட்டுப் போயிட்டாங்க.

ரோட்டோரமா அப்படியே உக்காந்துட்டேன். மனசுல இருந்த பாரமெல்லாம் எறங்கிருச்சு, கண்ணு கலங்கிருச்சு, அதை மறைக்கத் தும்மற மாதிரி பண்ணினேன். அப்பறம் மெல்லத்தான் ஒறைச்சுது. திரும்பிப் பார்த்தேன். குளிக்கப் போன ரெண்டு பேரும் தலைகூட நனையாம கடைக்குள்ளதான் உக்காந்திருக்கானுக. எந்நேரமா இருந்தானுகளோ.

“ஏம் மாப்ள,” நான் நாட்ராயனைக் கேட்டேன், “மாடு பிடிக்கக் கூப்புட்ட ஆளுக ஒருத்தரும் எந்திரிக்கவே இல்லையே?”

நாட்ராயன் டீ கிளாசைக் கீழ வெச்சான்.

“நாங்க வந்த வேலையைத்தானுங்க மச்சான் காலையில இருந்து பார்த்துக்கிட்டிருக்கோம். மாட்டை நான் பார்த்துக்கறேன், ஊசி போட்டு முடிக்கற வரைக்கும் உன்ற மச்சானைத் தோட்டத்துப் பக்கம் உடாமப் பிடிச்சு வெய்யின்னு அக்கா நேத்தே சொல்லிருச்சு. நான்கூட ஒரு கயிறு கொண்டாரட்டுமான்னு கேட்டேன். அந்த மனுசனுக்குக் கயிறு எதுக்குடா, பேச உட்டாப் போதும், நின்ன எடத்துலயே நிப்பாருன்னுச்சு.”