காலர் கோணிய காகிதச் சட்டை

"ஊரே வந்து பாத்துட்டுப் போயிடுச்சு, சென்செய். நீங்க மட்டும் கடைசி நாள்ல வர்றீங்க!"

மிசாவோவுக்குக் கோபம். ஐம்பத்தேழு வயதுக்காரியின் கோபமா அது? பள்ளிக்கூடத்துப் பிள்ளையின் கோபம்.

தமாயோ குடையை மூலையில் சாய்த்து வைத்தாள். கண்காட்சிக் கூடத்தின் வாசலில் இருந்த வருகைப் பதிவேட்டில் தூரிகையால் பெயர் எழுதினாள்.

"கடையில சரக்கு வந்து இறங்கிச்சு."

அவ்வளவுதான் சமாதானம்.

ஜப்பானில் குருவை சென்செய் என்பார்கள். இந்த குரு, சிஷ்யையை விட எட்டு வயது சின்னவள். கனஸாவா நகரில் காகிதக் கடை வைத்திருப்பவள். முப்பத்தெட்டு வயதில் அங்கே தாள் வாங்கப் போன மிசாவோ, தமாயோ ஒரு தாளை மடித்த அழகைப் பார்த்துவிட்டு, வயதாவது ஒன்றாவது என்று அன்றே சிஷ்யையாகிவிட்டாள்.

இன்று மிசாவோ பெயர் பெற்ற கலைஞர். மடித்த காகிதத்தோடு மீன்வலை, துருப்பிடித்த ஆணி, பழைய கிமோனோத் துணி எல்லாம் சேர்த்து ஆளுயரத்துக்குச் சிற்பங்கள் செய்வாள். இந்தக் கண்காட்சிக்கு மட்டும் புதிதாகப் பன்னிரண்டு செய்திருந்தாள்.

தமாயோ பன்னிரண்டையும் நடந்தபடியே பார்த்தாள். நடுக்கூடத்தில் இருந்த சின்னக் கண்ணாடிப் பெட்டியின் முன்னால் நின்றாள்.

உள்ளே ஒரு காகிதச் சட்டை. உள்ளங்கை அளவு. நோட்டுப் புத்தகத்தில் கிழித்த கோடு போட்ட தாள், பழுப்பேறிப் போயிருந்தது. காலர் ஒரு பக்கம் கோணியிருந்தது.

"இது உங்க மடிப்பு இல்லையே."

"இட்சுயோ மடிச்சது. என் சிநேகிதி. பதினாறு வயசில." மிசாவோவின் குரல் இறங்கிவிட்டது. "பத்திரிகைக்காரங்க எல்லாரும் இதைத்தான் எழுதினாங்க. அந்தக் கோணல்லதான் உயிர் இருக்காம். பாரிஸ்ல ஒரு மியூசியம் கேட்டிருக்கு. நாளைக்குக் காலையில பெட்டியை சீல் வச்சு அனுப்பறோம். அப்புறம் யாரும் தொட முடியாது."

அவர்கள் பள்ளியில் படித்தது கைப்பேசி எல்லாம் இல்லாத காலம். வகுப்பில் பாடம் நடக்கும்போதே பெண்கள் கடிதம் எழுதி, அதையே சட்டையாகவும் பூவாகவும் மடித்து மேசைக்கடியில் கை மாற்றிவிடுவார்கள். சட்டை மடிக்க இட்சுயோவுக்குச் சொல்லிக்கொடுத்தவளே மிசாவோதான். காலர் மட்டும் அவளுக்கு வரவே வராது. ஒவ்வொரு தடவையும் மிசாவோ தன் விரலால் அவள் விரலைப் பிடித்து அழுத்தித் திருப்புவாள். இரண்டு பேரும் சிரித்துச் சிரித்து, வகுப்புக்கு வெளியே நின்றதும் உண்டு.

ஆகா, என்ன நாட்கள்!

பிறகு பள்ளி விழா வந்தது. மிசாவோ மடித்த மயிலை இட்சுயோ மடித்தது என்று நினைத்துத் தலைமையாசிரியர் மேடையில் பாராட்டினார். இட்சுயோ வாயைத் திறக்கவில்லை. அன்றிலிருந்து மிசாவோ அவளோடு பேசவில்லை.

பத்து நாள் கழித்து, பள்ளியில் மிசாவோ காலணி வைக்கும் மாடத்தில் இந்தச் சட்டை இருந்தது. அந்த வாரமே இட்சுயோவின் அப்பாவுக்கு மாற்றல். குடும்பமே ஊரை விட்டுப் போய்விட்டது. சட்டை ஒரு பிஸ்கட் டப்பாவுக்குள் போனது.

"உள்ள என்ன எழுதியிருக்கு?" என்று கேட்டாள் தமாயோ.

"தெரியாது."

"நாப்பத்தொரு வருஷமா?"

"முதல்ல வீம்பு, சென்செய். அப்புறம் பிரிக்க மனசு வரல. பிரிச்சா அவ மடிப்பு போயிடும். நான் திரும்ப மடிச்சா அது என் மடிப்புதானே?"

தமாயோ மேசையில் கிடந்த கண்காட்சித் துண்டறிக்கை ஒன்றை எடுத்தாள். பின்பக்கம் ஏதோ எழுதினாள். மடமடவென்று மடித்து மிசாவோவின் கையில் வைத்தாள்.

காகிதச் சட்டை. காலர் கத்தி மாதிரி நின்றது.

"அடேயப்பா!" என்றாள் மிசாவோ.

தமாயோ கதவைத் திறந்துகொண்டு வெளியே போய்விட்டாள்.

மிசாவோ அந்தச் சட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். கண்ணாடிப் பெட்டியின் மேலே பழைய சட்டைக்கு நேராக வைத்து, இரண்டடி பின்னால் போய் நின்று ரசித்தாள். இதற்கும் ஒரு பெட்டி செய்ய வேண்டும் என்று நினைத்துக்கொண்டாள்.

அரைமணி நேரம் ஆகியிருக்கும். மூலையில் சாய்ந்திருந்த குடை கண்ணில் பட்டது.

வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது.

ஓடிப்போய்க் கதவைத் திறந்தாள். தெருவோரத்தில் தமாயோ தொப்பலாக நனைந்து நின்றுகொண்டிருந்தாள்.

"ஐயையோ சென்செய்! ஏன் இப்படி நிக்கிறீங்க?"

"எழுதிக் கொடுத்தேனே."

மிசாவோ உள்ளே போய்ப் புதிய சட்டையைப் பிரித்தாள். ஒரே வரி. 'குடையை எடுத்துக்கொண்டு வாருங்கள், வெளியே நிற்கிறேன்.'

அடுத்த நிமிடம் பழைய சட்டையின் முன்னால் நின்றாள்.

கண்ணாடிப் பெட்டியைத் திறந்தாள். எத்தனையோ ஆயிரம் தாள் மடித்த கை, அந்தச் சின்ன நோட்டுத் தாளை ஒவ்வொரு மடிப்பாகப் பிரித்தது.

'மிசா, ஏழு தடவை மடிச்சுட்டேன். காலர் கோணிக்கிட்டேதான் போகுது. நீ பக்கத்துல இல்லாம வரமாட்டேங்குது. அன்னிக்கு மேடையில நான் வாயைத் திறந்திருக்கணும். தப்பு என்மேலதான். சனிக்கிழமை நாலு மணி வண்டி. ஸ்டேஷன்ல உனக்காக நிப்பேன். வர முடியலன்னா கீழே புது விலாசம் இருக்கு. காலரை எப்படித் திருப்பறதுன்னு எழுது.'

மிசாவோ அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அடக்கி அடக்கிப் பார்த்தாள், முடியவில்லை. வாய்விட்டு அழுதாள்.

தமாயோ உள்ளே வந்து, ஈரக் கையை உதறிவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து அந்தக் கடிதத்தைப் படித்தாள்.

"அந்த வண்டி போய் நாப்பத்தொரு வருஷமாச்சே, சென்செய்! இனிமே நான் என்ன பண்ணுவேன்?"

தமாயோ மேசையிலிருந்து இன்னொரு துண்டறிக்கையை எடுத்து, எழுதாத பக்கம் மேலே தெரியும்படி அவள் மடியில் வைத்தாள்.

"அவங்களுக்குக் காலர் இன்னும் வந்திருக்காது," என்றாள்.